எலுமிச்சைத் துண்டும் கறுப்புக் குருவியும்

தென்காசி மூர்த்தி ஸ்டூடியோவுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கல்யாணப் படம்தான். ஆளுயரச் சட்டம், ஓரமெல்லாம் தங்க நிறம், மேலே ஒரு குட்டி விளக்கு. மாலையும் கழுத்துமாகக் கணேசமூர்த்தி நிற்பார். பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு மணப்பெண். படத்துக்கு நேர் கீழே, கவுண்டரில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆல்பம் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாள் அவர் மனைவி ஸ்ரீமதி. நல்ல கறுப்பு, திருத்தமான முகம். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், ஸ்ரீமதியைப் பார்ப்பார்கள், மறுபடியும் படத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் கேட்டே விடுவார்கள்.

"யாரும்மா இந்தப் பிள்ள?"

"அவுக மொத சம்சாரம்" என்பாள் ஸ்ரீமதி, தலையைத் தூக்காமலே.

மேலகரத்துச் சொக்கம்மாள், மகள் கல்யாண ஆல்பத்துக்குச் சொல்ல வந்த அன்று இதைக் கேட்டுவிட்டு 'உச்'சுக் கொட்டினாள். "கிளி மாதிரி இருந்திருக்காளே! அவ படத்த எறக்காம வச்சிருக்கியே, ஒனக்குப் பெரிய மனசு தாயி" என்று ஸ்ரீமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணேசமூர்த்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவியின் கிண்டல் அவருக்கு எப்போதுமே பிடிக்கும். அதில் கிண்டலைத் தவிர வேறு ஏதாவது இருக்கக்கூடும் என்று அந்த மனுஷன் ஒருநாளும் நினைத்ததில்லை.

படத்தில் இருப்பதும் ஸ்ரீமதிதான். எடுத்தது செங்கோட்டை அச்சுதன். எடிட்டிங் மட்டும் மாப்பிள்ளையே செய்தது. கல்யாணம் முடிந்த வாரத்தில் ராப்பகலாக உட்கார்ந்து, புதுப் பெண்டாட்டிக்குத் தன் கையால் ஒரு பரிசு என்று, முகத்தைத் தூக்கி, தோலை வழவழப்பாக்கி, சட்டம் போட்டு மாட்டினார். முகத்தைத் தூக்குவது என்றால் ஸ்டூடியோக்காரர் பாஷையில் வெளுப்பாக்குவது. அதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "மூர்த்தி அண்ணாச்சி கை பட்டா பொண்ணு நெறம் ஏறிரும்" என்று செங்கோட்டையிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். வெளுப்பாக்கும் படிகளையெல்லாம் கோத்து, 'மணமகள்' என்ற பெயரில் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தார். ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது.

இப்படிக் கல்யாணமே கதி என்று இருந்தவரைக் கொரோனா காட்டுப் பக்கம் திருப்பியது. கல்யாணங்கள் எல்லாம் பத்து இருபது பேரோடு முடிந்துகொண்டிருந்த நாட்களில், சும்மா கிடந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். மீன்கொத்தி, மலையணில், இருவாச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பித்துப் பிடித்தது. பெண் வீட்டுக்காரர்கள் போல இவை எதுவும் 'இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்' என்று கேட்பதில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் ஆசை யாரை விட்டது? மலைச்சாரல் இயற்கைக் கழகம் என்று ஓர் அமைப்பு சீசன்தோறும் குற்றாலத்தில் காட்டுயிர்ப் படக் கண்காட்சி நடத்தும். கணேசமூர்த்தி ஒவ்வொரு வருஷமும் படம் அனுப்புவார், ஒவ்வொரு வருஷமும் அது திரும்பி வரும். போன தடவை அங்கே நின்ற ஒருத்தர் முதுகில் தட்டி, "அண்ணாச்சி, கல்யாணம்னா நீங்கதான். இது வேற லைனுல்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவருக்கு அது தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை அந்தச் சுவரில் தன் படம் தொங்க வேண்டும். கீழே 'கணேசமூர்த்தி' என்று மட்டும் போட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

இந்த ஆனி மாதச் சாரலில் அந்தப் படம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

ஐந்தருவிக்குக் கீழே ஓடுகிற ஓடையில், குளிக்கிற கூட்டம் வருவதற்கு முந்தின விடியலில் எடுத்தது. சீகாரப் பூங்குருவி. ஆள் விசிலடிக்கிற மாதிரியே விசிலடிக்கும், கண்ணில் மட்டும் லேசில் படாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, பாறை மேல் வந்து நின்றது, அலகில் ஒரு குட்டி நண்டோடு. தூறலில் கேமரா நனையாமல் குடை பிடித்தவள் ஸ்ரீமதி. கணேசமூர்த்தி பிடித்த படம் கொஞ்சமும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து ஆசை தீர எடிட் செய்து, காட்டுயிர்ப் படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இதயங்களாகக் கொட்டியது. தீ எரிந்தது, கைகள் தட்டின. 'அருமை', 'செம', 'வேற லெவல் அண்ணாச்சி'. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் கண்காட்சிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. நடுவில் ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைக் கூட்டம்.

அது என்ன எலுமிச்சை என்று சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்? அதனால் நாலு பேர் மட்டும் ஞாயிறு மத்தியானம் மூர்த்தி ஸ்டூடியோவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவார்கள். படத்தைப் பெரிய திரையில் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். முதலில் நல்லது, அப்புறம் கண் எங்கே தடுக்குகிறது, அப்புறம் என்ன செய்யலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. குறை சொன்னால் கதை சொல்வார்கள். செங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியார் ஜோஷ்வா ஒருநாள் மங்கலான ஆந்தைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, மங்கலாக இருக்கிறதே என்றதற்கு, காலில் அட்டை ஏறிய கதையில் ஆரம்பித்தார். பஸ் வராத கதை, மாமனார் வீட்டில் சாப்பிட்ட கதை என்று ஆந்தையை விட்டு எங்கேயோ போய்விட்டார். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கும் இத்ரீஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பையிலிருந்த பழத்தை நறுக்கி ஒரு துண்டை வாத்தியார் வாயில் திணித்துவிட்டான். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூட்டம் உருப்படியாக நடந்தது.

அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. யார் படம் திரையில் இருக்கிறதோ அவர் வாயில் எலுமிச்சைத் துண்டு. எல்லோரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் துப்பக் கூடாது. துப்பினால் அந்தப் படத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தார். சும்மா ஒரு மரியாதைக்குக் காட்டிவிட்டு அனுப்புவோம் என்ற நினைப்பு. இத்ரீஸ் நீட்டிய துண்டை வெற்றிலை போடுகிற தோரணையில் வாயில் அடக்கிக்கொண்டார்.

மருந்துக்கடை நாச்சியார்தான் ஆரம்பித்தாள். அவள் பட்டாம்பூச்சிக்காரி, சின்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

"மொதல்ல நல்லதச் சொல்லிருதேன். அந்த நண்டு. கால் ஒண்ணு மடங்கித் தொங்குதுல்லா, அதுல உயிரு இருக்கு. ஆனா அண்ணாச்சி, கண்ணு நண்டுக்குப் போக மாட்டேங்கு. குருவிக்குப் பின்னால சாமி படம் மாதிரி ஒரு ஒளிவட்டம் போட்டிருக்கீயள்லா, நேரா அங்கன போயி நிக்குது."

கணேசமூர்த்தி கைகளை விரித்து ஏதோ விளக்கப் பார்த்தார்.

"கையாலயும் பேசக் கூடாது" என்றான் இத்ரீஸ்.

ஜோஷ்வா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எதுக்கு வே இவ்வளவு நெருக்கி வெட்டியிருக்கீரு? தண்ணி எங்க, ஓடை எங்க? பாஸ்போர்ட் போட்டோ மாதிரில்லா இருக்கு! இது ஓடையில வாழுத குருவின்னு படம் சொல்லணும்லா. அந்த எலையப் பாரும், கிளிக்குக் கூட இந்தப் பச்ச கெடையாது. ஆனா ஒண்ணு, குருவி கலர் மட்டும் அள்ளுது."

"கலர் சூப்பர்" என்றாள் நாச்சியாரும்.

"கலர்ல குத்தஞ்சொல்ல முடியாது" என்று ஆரம்பித்த இத்ரீஸ் திரைக்குப் பக்கத்தில் போனான். "ஆனா எறகக் காணுமே அண்ணாச்சி? எண்ணெ தடவுன கத்தரிக்கா மாதிரி வழவழன்னு இருக்கு. பெறவு, இந்த ஓரத்துல எதையும் அழிச்சியளா? பாறையில ஒரே மாதிரி புள்ளி ரெண்டு எடத்துல வருது."

அழித்திருந்தார். குளிக்க வந்தவர் யாரோ போட்டுவிட்டுப் போன ஷாம்பு பாக்கெட் ஒன்று பாறை இடுக்கில் செருகிக் கிடந்தது. கல்யாண ஆல்பத்தில் கோபித்துக்கொண்டு நின்ற தாய்மாமனையே அழித்துக் கொடுத்திருக்கிற கைக்கு ஒரு பாக்கெட் எந்த மூலைக்கு? ஆனால் கண்காட்சி விதி கறாரானது. எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. எடிட் செய்த படத்தோடு, கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் மூலப்படத்தையும் கேட்பார்கள். கணேசமூர்த்தி எலுமிச்சைத் துண்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டார்.

அப்போது கவுண்டர் பக்கமிருந்து ஸ்ரீமதியின் குரல் வந்தது. இத்தனை ஞாயிறுகளில் அவள் இந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. அவளிடம் யாரும் கேட்டதும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

கணேசமூர்த்தி பெருந்தன்மையாகத் தலையாட்டினார். எலுமிச்சையோடு வேறென்ன செய்ய முடியும்?

ஸ்ரீமதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்குக் கொட பிடிச்சிட்டு நின்னது நாந்தான். இந்தக் குருவி கறுப்பு. நல்ல கறுப்பு. தூறலுக்கு நடுவுல வெளிச்சம் சாஞ்சு பட்டப்ப தோள்ல மட்டும் ஒரு கீத்து நீலம் மின்னுச்சு. அதப் பாத்து எனக்கு மூச்சே நின்னு போச்சு. அந்தக் கறுப்பு இருந்ததாலதான் அந்த நீலத்துக்கு அம்புட்டு அழகு. இங்கன என்னடான்னா தலையில இருந்து வாலு வரைக்கும் நீலம். அந்தக் கீத்து எங்க போச்சுன்னே தெரியல." திரையிலிருந்து திரும்பினாள். "கறுப்பா இருந்தா என்ன? யாரும் பாக்க மாட்டாகளா?"

சொல்லிவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஜோஷ்வாவின் பார்வை மெல்ல உயர்ந்து அவள் தலைக்கு மேலே தொங்கிய கல்யாணப் படத்துக்குப் போனது. நாச்சியாரும் பார்த்தாள். இத்ரீஸ் பார்த்துவிட்டு அவசரமாக எலுமிச்சைப் பையைக் கட்டினான். கணேசமூர்த்திக்குத் துப்பவும் தோன்றவில்லை, மெல்லவும் தோன்றவில்லை. தோலோடு விதையோடு அப்படியே விழுங்கிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அவருக்கு வந்தது சுத்தமான கோபம்தான். குழுவில் அத்தனை பேர் பாராட்டிய நிறத்தைக் குடை பிடித்தவள் குறை சொல்வதா? குருவிக்கு இவள் என்ன வக்கீலா? இருக்கட்டும், மூலப்படத்தைத் திறந்து காட்டி, இருட்டாக இருந்தது, அதனால்தான் தூக்கினேன் என்று சொல்லிவிடுவோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாயில் இப்போது எலுமிச்சை இல்லை. காரணங்கள் வரிசை கட்டி நின்றன.

மூலப்படம் திறந்தது. ஈரப் பாறை. பின்னால் வெள்ளையாக ஓடும் தண்ணீர். கறுப்பாக ஒரு குருவி.

அவர் பார்க்கிறதுக்குள் வலது கை தானாகப் போய் நிழல் பகுதியை வெளுப்பாக்கும் ஸ்லைடரைப் பிடித்து இழுத்துவிட்டது. குருவி நீலமாக வெளிற ஆரம்பித்தது. கணேசமூர்த்தி திடுக்கிட்டார். நான் நினைக்கவே இல்லையே, கை எப்படிப் போனது? பின்னோக்கிப் போய்ப் பழைய வேலையின் வரலாற்றைப் பார்த்தார். முதல் வரியிலேயே இருந்தது: 'மணமகள்'. விடியற்காலைக் குற்றாலத்து ஓடையில் நண்டு தின்ன வந்த பறவையை மணவறையில் உட்கார வைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போயின.

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினார். வலது கையை நம்ப முடியவில்லை. தொடைக்குக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இடது கையால் மவுஸைப் பிடித்தார். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆனால் அந்த வேகத்தில்தான் கண்ணுக்குச் சிலது தெரிந்தது. ஒளிவட்டம் போனது. பச்சையை இறக்கினார், இலைகள் இலைகளாயின. வழவழப்பை நீக்கியதும் நனைந்த இறகுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. நெருக்கி வெட்டியதை விரித்துவிட்டதும் ஓடை உள்ளே வந்தது, கூடவே, முன்பு அழித்திருந்த ஷாம்பு பாக்கெட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

குருவி மட்டும் இன்னும் இருட்டுப் பொட்டலமாக இருந்தது. வெகுநேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் பிடிபட்டது. கோளாறு குருவியிடம் இல்லை. தண்ணீரின் வெளுப்பு கண்ணைக் கூசச் செய்ததால் குருவி தெரியாமல் போயிருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் அடக்கினார். அவ்வளவுதான். கறுப்பு தன்பாட்டில் எழுந்து வந்தது. கறுப்புக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும், நெஞ்சில் ஒரு மினுமினுப்பு, தோளில் அந்த ஒரு கீற்று நீலம். கணேசமூர்த்தி, சத்தியமாக, அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

ஜோஷ்வாவுக்குப் போன் போட்டு பாக்கெட் விஷயத்தைக் கேட்டார். "இடது பக்கம் வெட்டிரும் வே, வெட்டுறதுக்கு விதியில தடை இல்ல" என்றார் வாத்தியார். வெட்டிப் பார்த்தார். பாக்கெட் போனது, கூடவே தண்ணீர் வருகிற வழியும் போனது. ஓடைக்குக் கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது. இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். நாலு பேர் சொல்வதைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத் தானே பார்க்கவும் வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் ஸ்ரீமதியைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்பத்தான் அது நம்மளப் பாக்குது" என்றாள்.

"அந்த பாக்கெட்டு?"

"கெடக்கட்டும். அன்னைக்குக் கெடந்துச்சுல்லா."

உச்சிப் பொழுதுக்கு முன்பே படம் போய்ச் சேர்ந்தது.

தேர்வான செய்தி வந்த அன்று மூர்த்தி ஸ்டூடியோவில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. இத்ரீஸ் ஒரு கூடை எலுமிச்சையோடு வந்து இறங்கினான். ஜோஷ்வா தான் சொன்னதால்தான் படம் தேர்வானது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்காட்சி திறந்ததும் எல்லோருமாகக் குற்றாலத்துக்குப் போனார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் படங்களைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தது. மயில், யானை, புலி எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். கணேசமூர்த்தியின் படத்துக்கு வந்ததும் பாதிப் பேர் நெற்றியைச் சுருக்கினார்கள்.

"எங்கன குருவி? வெறும் பாறையால்லா இருக்கு?"

கணேசமூர்த்திக்கு விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஸ்ரீமதி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "பேசாம நில்லுங்க. அவுகளே பாப்பாக."

பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் தோளின் நீலம், அப்புறம் கண், அப்புறம் முழுக் குருவி, அப்புறம் நண்டு. பார்த்துவிட்டவர்கள் 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டார்கள். அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டு நகர அவர்களுக்கு மனசு வரவில்லை. கணவனோடு வந்த ஒரு பெண் பாக்கெட்டைக் காட்டி, "பாருங்க, நம்ம போட்டுட்டு வந்ததுதான்" என்றாள். அந்த ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்துக்குக் கீழே 'கணேசமூர்த்தி, தென்காசி' என்று இருந்தது. எத்தனையோ வருஷ ஆசை. அவர் அந்தப் பெயரை ஒரு தடவைதான் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஸ்ரீமதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குருவியைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'யாரும் பாக்க மாட்டாகளா' என்று அவள் கேட்டது அன்றைக்குக் காதில் விழுந்தது, இன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. அவருக்கு அந்தக் கூட்டத்திலேயே அழுகை வரும்போல் இருந்தது.

மறுநாள் பரணிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகளை இறக்கினார். இரண்டு இயங்கவில்லை. மூன்றாவதில் அச்சுதன் எடுத்த மூலப்படம் இருந்தது. மேளச் சத்தமே கேட்கிற மாதிரி ஒரு படம். ஸ்ரீமதியின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. கறுத்த முகம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்க, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கப் போகிற நேரம். வியர்வையையும் தழும்பையும் சேர்த்து அவர் அன்றைக்குத் துடைத்திருந்தார். துடைத்த துடைப்பில் சிரிப்பும் போயிருந்தது. இத்தனை நாள் பரிசு என்று நினைத்து எதை மாட்டி வைத்திருந்தோம் என்று கணேசமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கே முகம் பார்த்துக் கொடுத்தவன் வீட்டில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தலின் டியூப்லைட் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் அடக்கினார். வேறு எதையும் தொடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ரீமதியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். படத்தைத் திரையில் போட்டார். பிறகு இத்ரீஸ் கொடுத்துவிட்டுப் போன கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நறுக்கி, ஒரு துண்டைத் தானே வாயில் வைத்துக்கொண்டு, எதிரே கைகட்டி உட்கார்ந்தார்.

ஸ்ரீமதி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மொதல்ல நல்லதச் சொல்லணும்லா?" என்றாள். குரல் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. "நல்லது என்னன்னா, இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும்." விரலால் திரையில் மாப்பிள்ளையைக் காட்டினாள். "கண்ணு தடுக்குத எடம் ஒங்க மீச. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

அவர் தலையாட்டினார். கண்ணில் நீர் வந்தது. எலுமிச்சையால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இன்னும் ஒண்ணு உண்டு. எங்கம்ம போனதுக்கு அப்புறம், அவ சாயலு எனக்கு இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாகள்லா? சாயந்தரம் கடையில ஆளு இல்லாதப்போ நான் அந்தப் படத்துக்கு முன்னால போயி நின்னு தேடியிருக்கேன். ஒருநாளும் கெடச்சதில்ல." திரையைத் தொட்டாள், சிரிப்பு தொடங்குகிற வாயோரத்தில். "இந்தா, இங்கன இருக்கா. நீங்கதான் தொடச்சு வச்சிருந்தீய."

ஸ்ரீமதி எழுந்து வந்து, தன் உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

"போதும், துப்புங்க. பல்லு கூசும்."

துப்பினார். இப்போது பேசலாம். ஆனால் அவளிடம் சொல்ல ஒரு கதையும் அவரிடம் மிச்சமில்லை. "நீ நல்லா இருக்கே ஸ்ரீமதி" என்று மட்டும் சொன்னார். ஆயிரம் கல்யாணப் படம் எடிட் பண்ணியவருக்கு அதைச் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பழைய படம் இறங்கி, அதே சட்டத்தில் புதுப் படம் ஏறியது. இன்றைக்கும் ஆல்பத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் 'பொண்ணத் தூக்கி விடுங்க' என்றுதான் கேட்கிறார்கள். கணேசமூர்த்தி இரண்டு மாதிரியும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். சிலர் வெளுத்ததை எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன செய்வது, கடையும் நடக்க வேண்டுமே. சிலர் சட்டென்று தங்கள் பிள்ளையை அடையாளம் கண்டு, இதுவே இருக்கட்டும் என்கிறார்கள்.

மகள் ஆல்பத்தை வாங்க மேலகரத்துச் சொக்கம்மாள் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், ஸ்ரீமதியைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துபோனது.

"மொத சம்சாரத்த எறக்கிட்டு ஒன் படத்த மாட்டிட்டாரா தாயி? நல்லா இருக்கணும். அவளும் பாவந்தான், இல்லங்கல. ஆனா வீட்டுல இருக்கவள்லா சுவத்துல இருக்கணும்."

உள்ளேயிருந்து கணேசமூர்த்தி அவசரமாக எழுந்து வந்தார். அக்கா, அப்படியில்லை, அது ஒரு விளையாட்டுக்கு, அவளும் இவளும் ஒருத்திதான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

"ஆமாக்கா" என்றாள் ஸ்ரீமதி. "இப்பத்தான் அவுகளுக்கு மனசு வந்துச்சு."

கணேசமூர்த்தி வாயை மூடிக்கொண்டார். எலுமிச்சை கூடத் தேவைப்படவில்லை.